குப்பாயியின் நேர்த்திக் கிடா

குப்பாயிக்கு முன்னால் பிறந்த மூன்றும் தங்கவில்லை. நாலாவதாக இவள் பிறந்ததும் அப்பன்காரன் முறத்தில் கிடத்திக் கொண்டுபோய்க் குப்பைமேட்டில் வைத்துவிட்டு வந்தான். பக்கத்து வீட்டுக்காரி, யாரோ போட்டுவிட்டுப் போன பிள்ளையைக் கண்டெடுத்தவள் மாதிரி தூக்கி வந்து, பெற்றவளிடமே ஒரு படி தவிட்டுக்கு விற்றாள். வேண்டாமென்று வீசிய பிள்ளையை எமன் திரும்பிப் பார்க்கமாட்டான் என்பது ஊர் நம்பிக்கை. எமனும் பார்க்கவில்லைதான். அதற்கப்புறம் ஐம்பது வருசமாக வேறு யாரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை, அதையும் சொல்லத்தானே வேண்டும்.

திருச்செங்கோட்டிலிருந்து மல்லசமுத்திரம் போகிற ரோட்டில் ஒரு சின்ன ஊர். அங்கே ரிக் வண்டிக்காரன் ஒருவனுக்கு அவளைக் கட்டிக்கொடுத்தார்கள். ரிக் வண்டி என்றால் ஆழ்துளைக் கிணறு போடுகிற லாரி. அந்தப் பக்கத்து ஆண்களில் முக்கால்வாசிப் பேருக்கு அதுதான் பிழைப்பு. வருசத்தில் பாதிக்கு மேல் ஆந்திரா, ஒரிசா என்று ஊரான் காட்டில் தண்ணீர் எடுத்துக் கொடுப்பார்கள். இங்கே அவர்கள் பெண்டாட்டிமார் குடத்தோடு லாரித் தண்ணீருக்கு நிற்பார்கள். குப்பாயியின் புருசன் ஊருக்கெல்லாம் தண்ணீர் எடுத்துவிட்டுச் சாராயத்தில் முங்கிச் செத்தான். மிச்சம் ஒரே மகன் தனபால். மீசை முளைத்ததும் அவனும் அதே வண்டியில் ஏறினான். வேண்டாம் சாமி என்று காலில் விழாத குறையாகச் சொல்லிப் பார்த்தாள். அப்பன் போன வழியை விட்டு எந்தப் பிள்ளை விலகியிருக்கிறான்?

சத்தீஸ்கரில் வேலை நடந்துகொண்டிருந்தபோது இரும்புக் குழாய் சரிந்து தனபால்மேல் விழுந்தது. தொடை நொறுங்கி ஆஸ்பத்திரியில் கிடக்கிறான், பிழைத்தால் உண்டு என்று போன் வந்தது. குப்பாயிக்கு அந்தத் தூரம் போக வழியும் தெரியாது, வகையும் கிடையாது. ஊர்க்கோடியில் இருக்கிற கருப்பணார் கோயிலுக்கு ஓடினாள். ஈரச்சீலையோடு மண்ணில் விழுந்து, என் மகன் ரெண்டு காலில் நடந்து வீடு வந்து சேர்ந்தால் உனக்கு ஒரு கருங்கிடா வெட்டுகிறேன் என்று வேண்டிக்கொண்டாள்.

மகன் வந்தான். கொஞ்சம் சாய்த்துச் சாய்த்து நடந்தான், ஆனால் ரெண்டு காலில் நடந்தான். அந்த மாசம் அவளுடைய பட்டியில் ஒரு பொட்டு வெள்ளை இல்லாமல் கறுப்புக் குட்டி ஒன்று விழுந்திருந்தது. அதன் காது நுனியை அறுத்து அடையாளம் வைத்துச் சாமிக்கு நேர்ந்துவிட்டாள். நேர்ந்துவிட்ட ஆட்டை விற்கக் கூடாது, மாற்றக் கூடாது. வளர்ந்து கிடாவானதும் பங்குனி நோம்பியில், கோயில் திருவிழா நாளில், கொடுத்துவிட வேண்டும். கொடுக்கிற வரைக்கும் மகன் திரும்ப ரிக் வண்டியில் கால் வைக்கக் கூடாது என்று அவனிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். கடனை வைத்துக்கொண்டு சாமியோடு விளையாட முடியுமா? கொடுத்த காலைக் கருப்பணார் திருப்பிக் கேட்டால் அவளிடம் என்ன இருக்கிறது கொடுக்க?

கிடா இரண்டாம் வயசில் இருந்தபோதுதான் அந்த மூன்று பேரும் வந்து இறங்கினார்கள்.

பக்கத்தில் இருக்கிற ஒரு இன்ஜினியரிங் காலேஜில் படிக்கிற பிள்ளைகள். உலகத்து வறுமையை ஒழிப்பதற்காகக் காலேஜ் பிள்ளைகளுக்கென்று ஏதோ ஒரு போட்டியாம். ஏழைகளை வைத்து ஒரு தொழில் தொடங்கி, அவர்களை மேலே தூக்கிக் காட்டவேண்டும். நன்றாகத் தூக்கியவர்களுக்கு வெளிநாட்டில் பரிசு. தலைவி நித்யஸ்ரீ, சேலத்து டாக்டர் வீட்டுப் பெண். வாய் திறந்தால் தேன், கண் திறந்தால் கண்ணீர். படம் பிடிக்க கவின். மூன்றாமவன் தர்ஷன், நாமக்கல் பக்கத்துக் கோழிப்பண்ணைக்காரர் மகன், அந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்தவன். ஊருக்குள் இருப்பதிலேயே ஏழை யார் என்று விசாரித்தார்கள். ஊர்க்காரர்கள் தயங்காமல் குப்பாயி வீட்டைக் கைகாட்டினார்கள். இதற்கு மட்டும் ஊர் என்றைக்கும் ஒற்றுமைதான்.

வந்ததும் முதல் வேலையாக, அரசாங்கம் கொடுத்த மிக்ஸியையும் மின்விசிறியையும் படத்தில் விழாதபடி வெளியே எடுத்து வைத்தார்கள். ஏழை என்றால் ஏழை மாதிரி இருக்கவேண்டாமா? அப்புறம் அவள் பேரைக் கேட்டார்கள். கேட்டதோடு விடாமல் அர்த்தமும் கேட்டார்கள். நித்யஸ்ரீயின் முகம் சுண்டிப்போயிற்று. வெளிநாட்டுக்காரர்களுக்கு இதைச் சொன்னால் ஒரு மாதிரி இருக்கும் என்று அங்கேயே, நின்ற வாக்கில், கோகிலாம்மா என்று பேர் மாற்றிவிட்டார்கள். எமனை ஏமாற்ற வைத்த பேர் அது. மாற்றினால் அவனுக்கு அடையாளம் தெரிந்துவிடுமோ என்று குப்பாயிக்குச் சுருக்கென்றது. படித்த பிள்ளைகளிடம் இதை எப்படிச் சொல்வது என்று பேசாமல் இருந்துவிட்டாள்.

பட்டியில் கறுப்புக் கிடா திமிலில்லாத காளை மாதிரி நின்றது. நித்யஸ்ரீ அதைத் தடவிக்கொண்டே, இதை விற்றுவிடுவீர்களா அம்மா என்று கேட்டாள்.

"ஐயோ, அத விக்கப்படாதுங்க கண்ணு. கோடி குடுத்தாலும் விக்கமாட்டனுங்க."

அந்தப் பெண்ணுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஏழைக்கு ஆட்டின்மேல் எவ்வளவு பாசம் பார்த்தாயா என்று கவினிடம் சொல்ல, அவன் அந்தப் பேச்சை மறுபடி ஒருதரம் சொல்லவைத்துப் படம் பிடித்தான். வெட்டுவீர்களா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒளிக்காமல் சொல்லியிருப்பாள். தர்ஷன் மட்டும் கிடாவின் அறுந்த காதைப் பார்த்தான். அவன் வீட்டுக் குலதெய்வத்துக்கு வருசா வருசம் வரிசையாகக் கிடா விழும். அந்தக் காதுக்கு என்ன அர்த்தம் என்று அவனுக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரியும். படம் நன்றாக வந்துகொண்டிருந்தது. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று வாயை மூடிக்கொண்டான்.

தொழில் இதுதான். குப்பாயியின் ஆடுகளோடு அவர்களும் சில ஆடுகள் வாங்கி விட்டு, மேலே தகரம் போட்டு ஒரு கொட்டகை கட்டிக் கொடுப்பார்கள். ஒவ்வொரு ஆட்டையும் வெளிநாட்டில் ஒருத்தர் போன் வழியாகத் தத்தெடுத்துக்கொள்வார். ஆட்டுப்பாலில் சோப்பு செய்து விற்றால் லாபத்தில் கோகிலாம்மாவுக்குப் பங்கு. எந்த ஆடும் எந்தக் காலத்திலும் கத்தியைப் பார்க்காது, இது தத்தெடுத்தவர்களுக்குக் கொடுத்த வாக்கு. இதை இங்கிலீஷில் சொல்லிவிட்டு, சம்மதமா அம்மா என்று தமிழில் கேட்டார்கள். குப்பாயி தலையாட்டினாள். வெளிச்சம் பற்றவில்லை என்று இன்னொரு முறை ஆட்டச் சொன்னார்கள். அதற்கும் ஆட்டினாள்.

கருங்கிடாவுக்குக் கோகோ என்று பேர். குளிர் நாட்டில் இருக்கிற ஒரு கிழவி அதைத் தத்தெடுத்து, தன் கையாலேயே சிவப்பும் மஞ்சளுமாக ஒரு கம்பளிச் சட்டை பின்னி, நாலு காலுக்கும் ஓட்டை வைத்து அனுப்பியிருந்தாள். மாசி வெயிலில் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு கோகோ நாக்கைத் தொங்கவிட்டு நின்றது. சிரிக்கிறது பாருங்கள் என்று எழுதிப் படம் அனுப்பினார்கள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் படம் போகவேண்டும். படத்துக்கு முன்னால் ஷாம்பு போட்டுக் கழுவவேண்டும். முதல் தடவை தண்ணீர் ஊற்றியபோது கிடா உதறிய உதறலில் கவினும் கேமராவும் நனைந்துபோனார்கள். போகப் போக அதற்குப் பழகிவிட்டது. குடம் குடமாக ஊற்றினாலும் எருமை மாதிரி கண்ணை மூடிக்கொண்டு நிற்கும்.

சோப்பு என்னவாயிற்று என்று கேட்பீர்கள். நம் ஊர் வெள்ளாட்டுக்குக் குட்டிக்கே பால் போதாது. குட்டி கத்தக் கத்தக் கறந்து செய்த சோப்பு, பரிசுப் போட்டியில் காட்டுவதற்குத்தான் ஆயிற்று. முன்பெல்லாம் குப்பாயி தீபாவளிக்கு முன்னால் இரண்டு குட்டிகளைச் சந்தையில் தள்ளிவிட்டு அந்த வருசத்தை ஓட்டிவிடுவாள். இந்தத் தரம் குட்டியைப் பிடித்ததும் நித்யஸ்ரீ போனில் அழுதாள். ஒவ்வொன்றுக்கும் அங்கே ஒரு அம்மா இருக்கிறாராம். ஆக, பட்டி நிறைய ஆடு. வீட்டில் ரேஷன் அரிசிக் கஞ்சி. குப்பாயி தறிப்பட்டறைக்கு நூல் சுற்றும் வேலைக்குப் போனாள். தனபால் ரிக் வண்டிகளுக்கு வெல்டிங் வைக்கிற பட்டறையில் எடுபிடியாக நின்றான். ஆட்டையும் வைத்துக்கொண்டு பட்டினியும் கிடக்கிற வித்தையை அந்த ஊருக்கு முதலில் கற்றுக்கொடுத்தது உலக வறுமையை ஒழிக்க வந்தவர்கள்தான்.

பங்குனி வந்தது. குப்பாயிக்கு ஒரே சந்தோசம். தன் வீட்டு விசேசத்துக்குக் கூப்பிடாமல் இருப்பது மரியாதையில்லை என்று மகனின் போனை வாங்கி நித்யஸ்ரீக்குப் பேசினாள். கருப்பணாருக்குக் கிடா வெட்டு, மூன்று பேரும் வந்து ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்றாள். எந்த ஆடு அம்மா என்று கேட்டாள் நித்யஸ்ரீ. கோகோதான் கண்ணு என்றாள் இவள், வெள்ளை மனசோடு. அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டாள். போட்டியின் கடைசிச் சுற்று அந்த வாரத்தில்தான் இருந்தது.

கோயில் முன்னால் ஊர் கூடியிருந்தது. கிடாவுக்கு மாலை போட்டு, பூசாரி தங்கசாமி மஞ்சள்தண்ணீரைத் தலையிலும் முதுகிலும் ஊற்றினார். அந்தப் பக்கத்து வழக்கம் அது. தண்ணீர் பட்டதும் ஆடு உடம்பைச் சிலிர்த்து உதறவேண்டும். துளுக்குவது என்பார்கள். துளுக்கினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று பொருள். துளுக்காத ஆட்டின்மேல் யாரும் கத்தி வைக்கமாட்டார்கள்.

கோகோ கண்ணை மூடிக்கொண்டு நின்றது.

இன்னொரு சொம்பு ஊற்றினார்கள். குடத்தோடு கவிழ்த்தார்கள். காதுக்குள் விட்டுப் பார்த்தார்கள். ஞாயிற்றுக்கிழமை என்று நினைத்ததோ என்னவோ, கழுத்தைக்கூட நீட்டிக் கொடுத்தது. கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. அந்த நேரம் பார்த்துக் காரில் வந்து இறங்கினார்கள் மூவரும். நித்யஸ்ரீ வந்ததும் வராததுமாக, வாயில்லாத ஜீவனை இப்படிக் கொல்லலாமா என்று தொடங்கினாள். இளவட்டங்கள் வேட்டியை மடித்துக் கட்டினார்கள். விசயம் அவள் பேச்சோடு நின்றிருந்தால், அந்த ரோசத்திலேயே உத்தரவு ஆயிற்று என்று சொல்லி வெட்டியிருப்பார்கள், குப்பாயியின் பாடு அன்றைக்கே முடிந்து, கறி வெந்திருக்கும்.

தர்ஷன் அவளைப் பின்னால் இழுத்தான். செருப்பைக் கழற்றினான். திருநீறு எடுத்து நெற்றி நிறையப் பூசிக்கொண்டான். கைகட்டி நின்றுகொண்டு பூசாரியைக் கேட்டான்.

"சாமி உத்தரவு குடுக்கலீங்களே. உத்தரவில்லாம வெட்டலாமுங்களா?"

பூசாரி சொம்பைக் கீழே வைத்துவிட்டார். ஊரே குப்பாயியைப் பார்த்தது. என்ன குற்றம் செய்தாளோ என்றாள் ஒருத்தி. சாமி ஆட்டுக்குச் சட்டை மாட்டி ஆடவிட்டவள்தானே என்றாள் இன்னொருத்தி. கொட்டகை வந்த நாளிலிருந்து உள்ளே புழுங்கிக்கொண்டிருந்த வயிற்றெரிச்சலெல்லாம் அன்றைக்குத்தான் வெளியே வந்தது. குப்பாயிக்கு விசயம் புரிந்துவிட்டது. "அது தண்ணிக்குப் பழகிருச்சுங்க, வாராவாரம் ஊத்தி ஊத்திப் பழகிருச்சுங்க" என்று ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துச் சொன்னாள். கோயில் வாசலில் நின்று ஷாம்புக் கதை பேசுகிறாளே என்று தலையில் அடித்துக்கொண்டார்கள். தனபால் தாயின் பக்கம் வராமல் காலைச் சாய்த்துக்கொண்டு போய் அரசமரத்தடியில் நின்றான்.

முடிவில் பூசாரி ஒரு வழி சொன்னார். மஞ்சள் துணியில் காசு முடிந்து சாமி காலடியில் வைத்துவிட்டு, அடுத்த பங்குனிக்கு இதே கிடாவைக் கொண்டுவந்து உத்தரவு கேட்கவேண்டும். மாற்று ஆடு ஆகாது. அதுவரைக்கும் கிடா எங்கள் காலேஜில் பத்திரமாக இருக்கட்டும், இங்கே இருந்தால் யாராவது ஏதாவது செய்துவிடுவார்கள் என்றான் தர்ஷன். எரிகிற சூடத்தின்மேல் கையை வைத்தான்.

"அடுத்த நோம்பிக்கு நானே கொண்டாந்து உடறனுங்க."

குலதெய்வம் கும்பிடுகிற பிள்ளை சூடத்தின்மேல் சத்தியம் செய்தால் யார்தான் நம்பமாட்டார்கள்? குப்பாயி தன் கையாலேயே கிடாவைக் காரில் ஏற்றிவிட்டாள். கவின் அதையும் படம் பிடித்தான். கோகிலாம்மா மூடநம்பிக்கையை உதறிவிட்டு உயிரைக் காப்பாற்றினார் என்று அந்தப் படத்துக்குப் பேர் வைத்தார்கள். பரிசு அவர்களுக்குத்தான் கிடைத்தது. கிடைக்காமல் இருக்குமா? உதறியவள் குப்பாயியாம், உதறாதது கிடாவாம்.

அந்த வருசத்தை அவள் எப்படிக் கழித்தாள் என்பதைப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. யாரும் விசேசத்துக்குக் கூப்பிடவில்லை. சாமி ஏற்காத வீடு என்று ஆகிவிட்டது. தனபாலுக்குப் பெண் கேட்டுப் போன இடத்தில் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. ரிக் வண்டிக்குப் போகிறேன் என்று அவன் குதிக்கும்போதெல்லாம், கடன் தீரட்டும் சாமி, தீர்ந்த மறுநாள் போ என்று கையைப் பிடித்துக்கொள்வாள். அவளுக்கு ஒரே ஆறுதல் ஞாயிற்றுக்கிழமைப் படம்தான். மகன் போனில் வாராவாரம் கோகோ வரும். ஒரு வாரம் புல்லில் நிற்கும், ஒரு வாரம் சட்டையோடு நிற்கும். இளைக்கவில்லை என்று பார்த்துத் திருப்திப்பட்டுக்கொள்வாள்.

மறு பங்குனிக்குச் சாட்டு போட்டு, நோம்பி நாளை ஊருக்குச் சொல்லியாயிற்று. தர்ஷனின் போன் எடுக்கப்படவில்லை. சரி, பிள்ளைக்கு என்ன வேலையோ, நாமே போய்க் கூட்டிவருவோம் என்று புதுக்கயிறு ஒன்று வாங்கிக்கொண்டு காலையில் கிளம்பினாள். கிளம்பும்போது மகனிடம் சொன்னாள்.

"கெடாவக் கூட்டிட்டு வாரேன் சாமி. இனி நமக்கு ஒரு கொறையும் இல்ல."

காலேஜ் வாசலில் அவளையும் கோகோவையும் சேர்த்துப் போட்ட பெரிய படப் பலகை இருந்தது. பலகையில் இருப்பது நான்தான் என்று சொல்லியும் வாட்ச்மேன் வெகுநேரம் நிற்கவைத்துத்தான் உள்ளே விட்டான். கோகோவுக்கென்று காலேஜில் போட்டிருந்த கொட்டகை இருந்தது, உள்ளே மோட்டார் பைக்குகள் நின்றன. விசாரித்ததில், நித்யஸ்ரீ போன வருசமே படிப்பை முடித்துவிட்டாள், இந்தப் பரிசைக் காட்டி இடம் வாங்கி வெளிநாட்டில் வறுமையைப் பற்றி மேல்படிப்பு படிக்கிறாள் என்றார்கள். மற்ற இருவரும் முடித்துப் போய்விட்டார்கள். ஆடா? ஹாஸ்டல் சமையல்காரரைக் கேட்டுப் பாருங்கள் என்று கைகாட்டினார்கள்.

சமையல்காரர் வெளியூர்க்காரர். அடுப்பிலிருந்து அண்டாவை இறக்கிக்கொண்டிருந்தார். கை சுடாமல் இருக்க அவர் பிடித்திருந்த துணியைக் குப்பாயி பார்த்தாள். சிவப்பும் மஞ்சளும். நாலு கால் ஓட்டை.

அவள் கேட்காமலே அவர் சொன்னார். அந்தக் கறுப்புக் கிடாவா? போன வருசம், அது வந்த அடுத்த மாதமே, கடைசி வருசப் பையன்கள் பிரிவு விருந்துக்குப் பிரியாணி போட்டுவிட்டார்கள். அந்தக் கோழிப்பண்ணைப் பையன்தான் ஆளைக் கூட்டிவந்தான். நல்ல கறி. படமெல்லாம் மொத்தமாக எடுத்து வைத்திருந்தார்கள், அது பாட்டுக்கு வாராவாரம் தானாகப் போய்க்கொண்டிருக்குமாம். இப்போதும் போகுமே என்று சிரித்தார். அப்புறம் அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

குப்பாயி அழவில்லை. ஓடிவந்து அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்குத் தெரியவேண்டியது ஒன்றே ஒன்றுதான். எங்கே விழுந்தாலும், யார் தின்றாலும், அது ஒன்று மட்டும் நடந்திருந்தால் கருப்பணாரிடம் சொல்லிக்கொள்ள ஒரு வார்த்தை இருக்கும்.

"வெட்டறதுக்கு முன்னால துளுக்குச்சுங்களா சாமி?"

அவருக்குப் புரியவில்லை. உடம்பை உதறியதா, ஒரே ஒருதரம் உதறியதா என்று அவளே தோளைக் குலுக்கிக் காட்டிக் கேட்டாள்.

"எங்கம்மா உதறும்? நாலு காலையும் சேத்துக் கட்டி, மேல ரெண்டு பேரு உக்காந்திருந்தாங்க."

அவள் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்தாள். வாட்ச்மேனின் போனைக் கெஞ்சி வாங்கி மகனுக்குப் பேசினாள். இன்றைக்கு வேலைக்கு எங்கேயும் போகாதே, வீட்டிலேயே இரு, வெளியே கால் வைக்காதே என்று சொல்ல வாயெடுத்தாள். அந்தப் பக்கம் லாரி இரைகிற சத்தம் கேட்டது. தனபால் சத்தத்துக்கு மேல் கத்திப் பேசினான். குரலில் அத்தனை சந்தோசம்.

"வண்டி ஏறிட்டம்மா. ஆளு பத்தலைன்னு காலையில கூப்புட்டாங்க. நீதான் கெடாவக் கூட்டியாரப் போயிட்டியே, இனி என்னன்னு ஏறிட்டேன். ஓமலூரு தாண்டியாச்சு. நோம்பிக்கு நான் இல்லீன்னாலும் நீ குடுத்துரு. கெடா நல்லாருக்குதா?"

குப்பாயி வாசலில் இருந்த பலகையைப் பார்த்தாள்.

"நல்லாருக்குது சாமி" என்றாள்.

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கயிற்றை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றாள்.